காக்கிமா வீட்டுக் கோழி

நான் பிராய்லர் கோழி தின்பதில்லை. கல்கத்தா நியூ டவுனில் குடித்தனம் வைத்த பிறகு, திறந்த வெளியில் மேய்ந்த கோழி என்று அட்டையில் புல்வெளிப் படம் போட்டு விற்கும் கடையைத் தேடிப் போய் வாங்கினேன். மருந்தடிக்காத கீரை, கூண்டில் அடைக்காத கோழியின் முட்டை என்று நான் பை நிறைய வாங்கி வருவதைப் பார்த்து, கூட வேலை பார்க்கும் பெண்கள் என்னை இளகிய மனசுக்காரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. நல்ல பெயர் சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்? ஆனால் பிராய்லர் என் தொண்டையில் இறங்காததற்கும் கோழிகள் மேல் உள்ள இரக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயதாகும்போது, அப்பாவுக்கு விருதுநகரிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. அலிப்பூரில் அலுவலகம், நடக்கிற தூரத்தில் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. வந்த முதல் வாரம் மார்க்கெட்டுக்குக் கோழி வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பினார். நிற்க இடமில்லாமல் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடக்கின்றன, காலில் வலுவே இல்லை, ஊசி போட்டு ஊத வைத்திருக்கிறான்கள், அதைத் தின்பது பாவம் என்றார். விசாரித்து விசாரித்து, சாந்த்ராகாச்சியில் ரயில்வே யார்டுக்குப் பின்னால் முற்றத்தில் கோழி வளர்க்கிற ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய், தலை மட்டும் வெளியே தெரிய ஒரு நாட்டுக்கோழியைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவருவார். பால்கனி நிழலில் விட்டுக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். அது நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் அறுப்பார். ஒரு கோழியிடம் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

பாவபுண்ணியம் ஒரு பக்கம் என்றால் இன்னொரு பக்கம் நான். பிராய்லர் தின்கிற பெண்பிள்ளைகள் வயதுக்கு முன்னாலேயே பெரியமனுஷி ஆகிவிடுவார்கள் என்று அம்மாவும் அப்பாவும் அடித்துச் சொல்வார்கள். எதிர் பிளாக்கில் இருந்த தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண் பத்து வயதில் உட்கார்ந்தாள். சடங்கில் மஞ்சள் நீர் ஊற்றி ஆசீர்வாதம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து, "பிராய்லர் குஞ்சு" என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. வாயைக் கட்டத் தெரியாத பிள்ளையை ஊருக்கு அனுப்பி மாமன் வீட்டில் விட்டுவிட வேண்டியதுதான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் வெறும் வாயால் மிரட்டுகிறவர் இல்லை. மாமா பெல்ட்டால் அடிக்கிறவர் என்பதும் எனக்குத் தெரியும்.

எதிர்வீட்டில் காக்கிமா இருந்தார். சித்தி முறையுள்ள பெண்களை வங்காளத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அக்கம்பக்கத்துப் பெண்களையும்தான். அவர் கணவர் அப்பாவின் அலுவலகத்திலேயே வேறு செக்ஷனில் இருந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடத்தில் வங்காளிப் பாடத்தில் நான் முட்டை வாங்கியதும், காக்கிமா தானாகவே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷம், தினமும் சாயங்காலம். என்னை "மாமொணி" என்பார், கண்ணு என்கிற மாதிரி. இரண்டு வருஷத்தில் நான் தமிழைவிட வங்காளியைச் சுத்தமாகப் பேசினேன். அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குத்தான் வந்தது. அதற்கு மேல் எது பேச வேண்டுமென்றாலும் பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.

காக்கிமா வீட்டில் மார்க்கெட் கோழிதான் சமைப்பார்கள். அப்பாவின் சட்டம் அவருக்குத் தெரியும். கோழி வைக்கிற அன்று எனக்குத் தனியாக மீன் வறுத்து வைப்பார். அந்தக் கரண்டி இதில் படாமல் பார்த்துக்கொள்வார். ஒருநாள் கதை படிக்கும்போது "பாஞ்ஜா" என்று ஒரு சொல் வந்தது. அர்த்தம் கேட்டேன். பிள்ளை பெறாதவளைச் சொல்கிற சொல், இதை யாரையும் பார்த்துச் சொல்லாதே என்றார். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பதினோரு வயதில் பள்ளிக்கூட வாசலில் ஒரு தோழி தன் சிக்கன் ரோலில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தாள். தின்றேன். நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் ரத்தம் வந்தது. அந்தப் பாதி ரோல்தான் வேலையைக் காட்டிவிட்டது என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. அம்மாவிடம் போகாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். காக்கிமா பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்துக் கொடுத்தார், எப்படி வைப்பது, எப்படி அலசுவது என்று காட்டினார். ரோல் விஷயத்தைச் சொல்லி அழுதேன். எனக்கும் இதே வயதில்தான் வந்தது, அப்போது எங்கள் தெருவில் இந்த வெள்ளைக் கோழியை யாரும் பார்த்ததுகூட இல்லை என்று சிரித்தார். நான் நம்பவில்லை. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். மூன்று மாதம் அவர் வீட்டுக் குளியலறைக் கொடியில் என் துணிகள் காய்ந்தன. அம்மாவிடம் சொன்னாயா என்று மாதாமாதம் கேட்பார், சொல்கிறேன் என்பேன்.

நாலாவது மாதம் பள்ளிப் பாவாடையில் கறை பட்டு அம்மா பார்த்துவிட்டாள். இன்றைக்குத்தான் முதல் தடவை என்று சாதித்தேன். அதை நம்பினார்கள். ஆனால் பதினோரு வயது என்பது அப்பாவுக்கு இடித்தது. நாற்காலியில் உட்கார்ந்து, ஆபீசில் விசாரணை நடத்துகிறவர் மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"எங்க தின்ன?"

தின்னவே இல்லை என்றேன். அவர் மறுபடியும் அதே குரலில் அதையே கேட்டார். பிறகு, அடுத்த மாதம் ஊருக்கு டிக்கெட் போடுவதைப் பற்றி அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். ரோல் என்று சொன்னால், தெருவில் நின்று வாங்கித் தின்ற பிள்ளைக்கு மாமன் வீடுதான். யாராவது பெரியவர்கள் கொடுத்துத் தின்றதென்றால் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. பதினோரு வயதில் எனக்கு இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"காக்கிமா வீட்டுல" என்றேன்.

தீட்டுக்காரியை வாசல் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது என்பதைக்கூட அந்த ஆத்திரத்தில் அம்மா மறந்தாள். அவளுக்கு என் வங்காளி வேண்டியிருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்க்கதவைத் தட்டினாள். காக்கிமா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எம்பிள்ளைக்கு என்னத்தத் தின்னக் கொடுத்தன்னு கேளுடி."

கேட்டேன். காக்கிமா முதலில் விழித்தார். அப்புறம் படபடவென்று, ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லை, கரண்டியைக்கூட மாற்றி வைப்பேன், இவள் அப்பாவுக்குப் பிடிக்காதென்று தெரிந்து அப்படிச் செய்வேனா என்றார். அந்த வேகத்தில் அம்மாவுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒரு துண்டு தின்னா என்ன இப்போன்னு கேக்குறாங்க. மதராசிங்க ரொம்ப அலட்டுறாங்களாம்" என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. மேல்மாடியில் ஒரு கதவு திறந்தது. படியில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பெத்திருந்தாத்தான தெரியும். மலடிக்கு என்ன தெரியும் பிள்ளை அருமை? இதையும் சொல்லு."

நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். அம்மா கோபமாக இருக்கிறாள், நாங்கள் போகிறோம் என்று சொல்லியிருந்தால்கூடப் போதும், அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. நான் பாடம் ஒப்பிக்கும்போது குனிகிற மாதிரி காக்கிமா லேசாகக் குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் வங்காளியில் சொன்னேன். "பாஞ்ஜா" என்பதை அழுத்தமாகச் சொன்னேன். என் உச்சரிப்பில் திருத்த ஒன்றுமில்லை.

இனி அவர் மூன்று மாத ரகசியத்தைப் போட்டு உடைப்பார் என்று நினைத்தேன். படியில் நின்ற பெண்கள் காதில் விழுந்தால், அவர்கள் வீட்டுக்காரர்கள் வழியாக ஆபீசில் அப்பாவுக்குப் போய்விடும். காக்கிமா அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அந்தச் சொல்லை உன் அம்மாவா சொன்னாள் என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தப்பித்தோம் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

பதினாறு நாள் பின்னறையில் தனிப் பாய், தனித் தட்டு. ஜன்னல் பக்கம் போகக் கூடாது. ஓடியாடித் திரிந்த கோழிதான் வேண்டும் என்ற அப்பாவுக்கு அதில் வித்தியாசமாக எதுவும் படவில்லை. மாமா சீரோடு வந்தார், சடங்கு நடந்தது. குவார்ட்டர்ஸ் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள், எதிர்வீட்டுக்கு மட்டும் அழைப்பில்லை. மறுநாள் கறிச்சோறு. அப்பா சாந்த்ராகாச்சியிலிருந்து ஆறு கோழி கொண்டுவந்திருந்தார்.

மத்தியானம் ஆபீசிலிருந்து சாப்பிட வந்த அப்பா நல்ல குஷியில் இருந்தார். இலையில் உட்கார்ந்ததும், எதிர்வீட்டுக்காரர் தன் மேஜைக்கே வந்து மன்னிப்புக் கேட்டார் என்றார்.

"கையைப் பிடிச்சுக்கிட்டான் மனுஷன். பிள்ளை இல்லாத ஏக்கம் சார், உங்க பொண்ணு மேல உசுரா இருந்தா, அதான் ஏதோ கொடுத்துட்டா. நான் கொடுக்கவே இல்லைன்னு இன்னமும் அழுது சாதிக்கிறா, பெரிசா எடுத்துக்காதீங்கங்கிறான்."

அம்மா, பார்த்தாயா என்கிற மாதிரி மாமாவைப் பார்த்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. காக்கிமா தன் கணவரிடம்கூட அந்த மூன்று மாதத்தையும் ரோலையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மன்னிப்புக் கேட்க வந்திருக்க மாட்டார். காக்கிமாவின் வீட்டிலேயே என் வார்த்தைதான் எடுபட்டிருந்தது.

"பாவம், போனாப் போகுது, மன்னிச்சு விட்டுரலாமா?" அப்பா என் பக்கம் திரும்பினார். பெரிய விஷயத்தில் அவர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"விட்டுருங்கப்பா" என்றேன்.

மாமா தலையாட்டி மெச்சினார். அம்மா ஒரு கோழிக்காலை எடுத்து என் இலையில் வைத்தாள்.