இரவல் மூச்சு

ஃபோல்க்மார் மாமா இறந்த பிறகும் எங்கள் கட்டடத்தில் அவர் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கோடையில் எல்லோரும் சன்னல்களைத் திறந்து வைப்பார்கள். மத்தியானத்தில் யார் வீட்டிலாவது அந்த அமெரிக்கத் துப்பறியும் தொடர் மறு ஒளிபரப்பில் ஓடும். முகம் அமெரிக்க நடிகருடையது, அதற்கு ஜெர்மனில் குரல் கொடுத்தவர் மாமா. நான் முற்றத்தில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருப்பேன். "அசையாதே, கையைத் தூக்கு" என்று இரண்டாம் மாடியிலிருந்து மாமா சொல்வார். பூட்டின் மேல் இருந்த கையை எடுத்துவிடுவேன்.

அவர் மனைவி ஹைட்ரூன் என் அப்பாவின் அக்கா. எங்கள் தெருமுனை ரொட்டிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறார். ரொட்டியைவிட அவருடைய அபிப்பிராயங்களுக்காகவே வருகிறவர்கள் உண்டு.

"அத்தனை விருது வாங்கின படம், உங்களுக்குப் பிடிக்கலையா ஹைட்ரூன்?"

"மூணு மணி நேரம் ஒருத்தன் சன்னல் வழியா மழையைப் பாக்குறான். அதுக்கு நான் டிக்கெட் வாங்கணுமாக்கும்? எங்க வீட்லயே சன்னல் இருக்கு."

"அந்தப் புதுப் பாட்டுக்காரி?"

"காதல் காதல்னு பாடுறா. மூஞ்சி மட்டும் பல் டாக்டர் நாற்காலியில உக்காந்த மாதிரி இருக்கு. ரொட்டி கறுப்பா, வெள்ளையா? சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வேடிக்கை பேசமாட்டார். அந்தத் துப்பறியும் தொடர் எட்டாம் பருவத்தின், அதாவது எட்டாவது சீசனின், பாதியில் கெட்டுப்போனது என்பார். "அவனுக்கு நடிப்பு மறந்துபோச்சு." நடிகர் என்னவோ அதே நடிகர்தான். பாதியில் இறந்துபோனது மாமா. மிச்சத்துக்கு வேறு ஒருவர் குரல் கொடுத்தார்.

மாமா தூக்கத்தில் போனார். ரொட்டிக்கடை வேலை விடியுமுன் தொடங்குவதால், அவரை எழுப்பிவிடக்கூடாது என்று அத்தை விளக்குப் போடாமல் உடுத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். தான் எழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் மூச்சு விட்டாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது.

தொடரின் அந்த எட்டாம் பருவத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி வரும். துப்பறிபவன் குண்டடிபட்டு மயங்கிக் கிடப்பான். வசனம் கிடையாது. ஆனால் வேறு மொழிக்குக் குரல் மாற்றும்போது மூச்சையும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். மாமாவின் கடைசிப் பதிவு அதுதான் என்று அத்தை நம்பினார். வேலை முடிந்து வந்ததும் அந்தக் காட்சியைப் போட்டுவிட்டுத்தான் சோபாவில் படுப்பார். காட்சி ஓடி முடிந்ததும் மறுபடியும் போடுவார். திரையைப் பார்க்கவே மாட்டார்.

"கேளு ஸ்வென்யா. இப்போ... அங்க. ஒரு இழுப்பு இருக்கு பாரு. வீட்ல தூங்கும்போதே அது எனக்குக் கேட்டிருக்கணும்டீ. பக்கத்துலயே படுத்திருந்தேன்."

எனக்கும் அது கேட்டது. உள்ளே போகும் மூச்சு நடுவில் எதிலோ தடுக்கி, பிறகு போகும். பள்ளி முடிந்து என்ன செய்வது என்று தெரியாமல் நான் அத்தை வீட்டிலேயே கிடந்த மாதங்கள் அவை. சில நாள் என் மூச்சும் அதே இடத்தில் தடுக்கியது.

போன சனிக்கிழமை கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒல்லியாக ஒருவர் நின்றார்.

"நாலு பன் குடுங்க. ரெண்டு எள்ளு போட்டது."

அத்தையின் இடுக்கி அந்தரத்தில் நின்றது. அது துப்பறிபவனின் இப்போதைய குரல்.

"நீங்களா? அந்தத் தொடர்ல பேசுறது?"

"அட, கண்டுபிடிச்சிட்டீங்களே!" அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க பேச ஆரம்பிச்சதுலேருந்து அந்த ஆளுக்கு மூளையே இல்லாத மாதிரி இருக்கு."

வரிசையில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "முன்னாடி பேசினவர் பெரிய ஆளுங்க. அவர் மாதிரி எனக்கு வராது."

தான் யார் என்று அத்தை சொல்லவில்லை. நான்கு பன்னையும் மெதுவாகப் பையில் போட்டார். பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடப்பானே. அந்த மூச்சு யாரு?"

"அதுவா? அதாங்க அங்க எனக்கு முதல் வேலை! அன்னைக்கின்னு பாத்து எனக்கு நெஞ்செல்லாம் சளி. இன்னொரு தடவை எடுக்கலாம்னு கெஞ்சினேன். வேண்டாம், நிஜமாவே சாகப்போற மாதிரி இருக்குன்னு விட்டுட்டாங்க."

அத்தை பையைக் கொடுத்தார். அந்த ஆள் மணி அடிக்கும் கதவைத் திறந்துகொண்டு போனார். அடுத்து நின்ற பெண் நேற்றைய பாட்டுப் போட்டி பற்றிக் கேட்டாள். "பாக்கல" என்றார் அத்தை. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மத்தியானம் அத்தை வீட்டுக்குப் போனபோது அந்தக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை முதல்முறையாகத் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம் ஒரு சளி பிடிச்ச பையனோட தூங்கியிருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் நிறுத்தியபின் நான் நிறுத்தக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"அப்போ உங்க மேல தப்பில்லை அத்தை. மாமாவுக்கு இழுப்பே இருந்திருக்காது."

"இருந்திருக்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே. உன் மாமா தூங்கும்போது எப்படி மூச்சு விடுவாருன்னு யோசிச்சுப் பாக்குறேன். இந்தப் பையனோடதுதான் காதுல வருது. அவரோடதை இது தின்னுடுச்சுடீ."

தொலைக்காட்சியில் அந்த மூச்சு தடுக்கியது. அத்தை அதை அணைத்துவிட்டு அலமாரிக்குப் போய் முதல் பருவத்தின் டிவிடித் தட்டுகளை எடுத்தார்.

"அந்தத் துப்பறியுறவன் எங்கயாவது தூங்கியிருப்பான். ஏழு முழுப் பருவம் உன் மாமா பேசியிருக்காரு. ஒரு தடவையாவது கண்ணை மூடியிருக்க மாட்டானா?"

அன்றிலிருந்து தேடுகிறோம். அவன் காரில் விடிய விடியக் காவல் இருக்கிறான். காப்பி குடிக்கிறான். கூரை மேல் ஓடுகிறான். படுக்கையில் சாய்ந்தால் உடனே தொலைபேசி அடிக்கிறது. மாமாவின் குரலில் "இதோ வர்றேன்" என்று சொல்லி எழுந்துவிடுகிறான்.

"தூங்கித் தொலையேன்டா" என்று அத்தை திரையைப் பார்த்துக் கத்துகிறார்.

மூன்றாம் பருவத்துக்கு வந்துவிட்டோம். அவன் இன்னும் தூங்கவில்லை.