வண்டியின் கண்ணில் வைத்த பொட்டு

தொண்ணூறுகளில் ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் முதலாளி வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அந்த வண்டியில் வேகம் காட்டும் முள்ளே கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. சாவி போட்டால் அதில் பச்சையாக எண்கள் எழும். வேகம், பெட்ரோல், மணி எல்லாம் எண்தான்.

துடைப்பது என் வேலை. மூடுபனி இறங்கிய காலைகளில் முன்சீட்டில் உட்கார்ந்து சாவியை ஒரு திருகு திருகி, அந்த எண்களையே பார்த்திருப்பேன். வெளியே சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் கரையும். குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. மணி எதிரிலேயே இருக்கும், அதைத்தான் பார்க்க மாட்டேன்.

ஆயுத பூசைக்குப் பொட்டு வைத்ததும் நான்தான். என் கைப்பொட்டு இல்லாமல் எங்கள் எஸ்டேட்டில் எந்தச் சக்கரமும் உருளாது என்று சொல்லித் திரிந்தவள் நான். டாஷ்போர்டின் மேலே, முன்கண்ணாடியோரம், புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு குமிழ் இருந்தது. பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி. சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, நடுவே குங்குமம் வைத்தேன்.

மறுநாள் சேலத்துக்கு இறங்கும்போது, நல்ல வெயிலில் எண்கள் மங்கிப்போயின. வீட்டுக்காரருக்கு வேகம் தெரியவில்லை, முதலாளிக்கு மணி தெரியவில்லை. இருட்டிய பிறகு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்ததாம். பழுதென்றால் ராத்திரியிலும் தெரியக் கூடாதே, அதுதான் முதலாளிக்குச் சந்தேகம்.

“வயரைக் கழட்டி என்னமோ பண்ணியிருக்கே. சாவியைக் குடு. மெக்கானிக் பாக்கட்டும். நீ கைவெச்சது நெசமுன்னா வேற டிரைவர் பாத்துக்கறேன்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் நடந்தே வந்தார். “வயரைத் தொடவே இல்ல புள்ள” என்றார்.

“தொட்டுப் பழகியிருந்தா இந்நேரம் நீங்களே சரி பண்ணியிருப்பீங்களே. சோத்தைத் தின்னுங்க” என்றேன். அவர் தின்னவில்லை.

மூன்றாம் நாள் சேலத்திலிருந்து மெக்கானிக் வந்தார். பங்களா முற்றத்தில் பளீரென்று வெயில். நானும் ஈரத்துணியோடு போய் நின்றேன். மெக்கானிக் வெகுநேரம் உள்ளே தலையை விட்டிருந்துவிட்டு வெளியே வந்தார்.

“பகல்ல தூங்கி ராத்திரில முழிக்குது. ஆந்தை வண்டிங்க! இதுக்குக் கண்ணு ஒண்ணு உண்டுங்கய்யா. வெளிச்சம் பட்டாப் பளிச்சுன்னு காட்டும். இருட்டுனா, ஓட்டறவருக்குக் கூசாம அதுவே கொறைச்சுக்கும். அதை ஆராச்சும் நோண்டியிருக்கோணும்.”

முதலாளி வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“ஏனுங்க, அந்தக் கண்ணு எப்படிங்க இருக்கும்?” என்றேன்.

“புளியங்கொட்டையாட்டம் கறுப்பா, மேல இருக்கோணுங்கக்கா. அதைத்தான் காணோம்.”

நான் பொட்டு வைத்த குமிழ்தான் அது. சத்தமில்லாமல் அப்புறம் துடைத்துவிடலாம், என் மானம் போகாது. ஆனால் எண்கள் தானாகத் திரும்பி வந்தால், பயந்துபோய், கழட்டியதை இவரே திரும்ப மாட்டிவிட்டார் என்பார்கள். அந்தப் பேர் இவரை விட்டுப் போகாது.

கதவைத் திறந்து பொட்டை அழுத்தித் துடைத்தேன். எண்கள் பச்சையாக எழுந்து வந்தன.

“நான் வெச்ச பொட்டுங்க. கண்ணுன்னு தெரியாம வெச்சுட்டனுங்க.”

“கண்ணுலயே சந்தனத்தை அப்பீட்டீங்களேக்கா!” என்று மெக்கானிக் சிரித்தார். முதலாளியும் சிரித்துக்கொண்டே சாவியை உருவி வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் கை நீளவில்லை.

“என் தப்பை நான் சொல்லீட்டனுங்க. இவரைச் சொன்னது தப்புன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுங்க” என்றேன்.

முதலாளியின் சிரிப்பு நின்றது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

“நீ கைவெக்கலப்பா. நான் சொன்னதுதான் தப்பு” என்றார்.

வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டு போய், எதுவுமே நடக்காதது போல, முதலாளி ஏறுவதற்குப் பின்கதவைத் திறந்து நின்றார்.