இரண்டு பேக்கிங் போட்ட கார்

எங்கள் சித்தப்பாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவர் கையில் அப்பா ஒரு காரைக் கொடுத்துவைத்திருந்தார். அப்பாவுக்குத் தூத்துக்குடியில் கருப்பட்டி வியாபாரம். கொழும்புக்குத் தோணியில் சரக்கு அனுப்புவார். வீட்டுக்கென்று வாங்கிய அந்தப் பழைய சீமைக் கார் வாடகைக்கும் போகும். ஓட்டுகிறவர் சித்தப்பா. எனக்கு அவரைத் தவிர உலகத்தில் வேறு பெரிய மனிதர் கிடையாது.

யுத்த காலத்தில் பெட்ரோல் அரிதாகிவிட்டது. ஊரில் பல வண்டிகளுக்கும் முதுகில் ஒரு பெரிய தகர அடுப்பைக் கட்டினார்கள். அதில் உடைமரக் கரியைப் போட்டு மூட்டி, விசிறியைச் சுற்றிச் சுற்றிப் புகையை எழுப்பி, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்ட வேண்டும். எங்கள் காருக்கும் அதே கோலம். அடுப்புப் பிடித்து வண்டி கிளம்புவதற்குள் ஒரு உலை சோறு வெந்துவிடும்.

அந்தக் கரி வண்டியில்தான் சித்தி தன் முதல் பிள்ளையை இழந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்களில் மாற்ற முடியாத வழக்கம். சித்தியின் தாய்வீடு உடன்குடி. வலி கண்டு, மருத்துவச்சி கையை விரித்து, தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றபோது சித்தப்பாவும் அங்கேதான் இருந்தார், காரும் வாசலில்தான் நின்றது. அடுப்பு மட்டும் அணைந்திருந்தது. பிறகு ஆத்தூர்ப் பாலத்து ஏற்றத்தில் வண்டி ஏறமாட்டேன் என்று நின்றது. வழியில் போனவர்கள் தள்ளி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து சித்தி பிழைத்தாள். பாப்பா சாமியிடம் போய்விட்டது என்றார்கள். எப்போது திரும்பி வரும் என்று கேட்டு அம்மாவிடம் நான் அடி வாங்கினேன்.

அதற்குப் பிறகு சித்தப்பாவின் முழங்கால் இன்னும் வேகமாக ஆடியது. துறைமுகத்துப் பக்கம் லாஞ்சு இஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, இஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி அடிப்பக்கத்தை இழைக்கச் சொன்னார். மூடி தாழ்ந்தால் உள்ளே அழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் கரிப்புகைக்கும் ரோஷம் வரும். வந்தது. கார் பாலத்தில் தானாகவே ஏறியது. இஞ்சினுக்குக் கிணற்று உப்புத்தண்ணீர் ஆகாது என்று, குடிக்க வாங்கி வைத்த நல்ல தண்ணீரையும் குடத்தோடு தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவார். "நாம உப்புத் தண்ணியக் குடிப்போம், அது நல்ல தண்ணி குடிக்கட்டும்" என்று அம்மா பொருமுவாள்.

யுத்தம் முடிந்தது. கூப்பனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோல் கிடைத்தது. அடுப்பைக் கழற்றி எறிந்தார் சித்தப்பா. இழைத்த மூடியோடு பெட்ரோலும் சேர்ந்ததும் கார் பறந்தது. ஆனால் வேகம் எடுக்கும்போது உள்ளே யாரோ உரலில் வெற்றிலை இடிப்பதுபோல ஒரு சத்தம். பட்டறை மேஸ்திரி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: இது கரிக்கு இழைத்தது, பெட்ரோலுக்கு ஆகாது. மூடிக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டாகப் பேக்கிங் தகடு கொடுத்து மூடியைத் தூக்கி வைத்தால் இடி நின்றுவிடும், வேகமும் குறைந்துவிடும். வைக்காவிட்டால் இஞ்சினுக்கு ஆயுசு கிடையாது.

அப்பா சொன்னார்: "ஏலே, வச்சுத் தொலையேன். வண்டி நாலு வருசம் ஓடணும்லா."

"எனக்கு நாலு வருசம் வேண்டாம்ணே. ஒரு நாளு ஓடுனாப் போதும்" என்றார் சித்தப்பா.

சித்தி மறுபடியும் உண்டாகியிருந்தாள். இது இரண்டாவது பிள்ளை, நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார் அப்பா. உடன்குடிக்காரர்கள் கேட்கவில்லை. முதல் பிள்ளை தங்கவில்லை, ஆகவே இதுதான் தலைப்பிரசவம் என்று சட்டம் பேசி, வளையல் அடுக்கி, சித்தியை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி தூத்துக்குடியில், சித்தி உடன்குடியில். நடுவே அந்தச் சாலை. சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் உடன்குடிக்குப் போவார். போனதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். சித்தியை அப்புறம்தான் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். திரும்பும்போது என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, "ஏளா, கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றார். பனைகள் பின்னால் ஓடின. ஒரு லாரியை முந்தினோம், ஒரு பஸ்ஸை முந்தினோம். நான் கத்தினேன், அவரும் கத்தினார். பாலத்து ஏற்றம் வந்ததும் போனதும் தெரியவில்லை. உள்ளே இடி சத்தம் ஓயவே இல்லை. அதுவும் எங்களோடு சேர்ந்து குதூகலிக்கிறது என்றுதான் நினைத்தேன். பழையகாயல் தாண்டியதும் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. புகை கிளம்பியது. கார் நின்றுவிட்டது.

சித்தப்பா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சாலையோரத்தில் உட்கார்ந்தார். முழங்கால் ஆடவில்லை. "அவ உள்ள இருந்திருந்தா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். யார் என்றேன். உப்பு மூட்டை இறக்கிவிட்டு வந்த மாட்டுவண்டியில் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தோம். தெருவே வாசலில் நின்று சிரித்தது. வெட்கத்தில் எனக்கு உயிர் போனது.

உடைந்ததை மாற்றி, இரண்டு பேக்கிங்கும் வைத்து, கார் பட்டறையிலிருந்து வந்தது. இடி இல்லை. வேகமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் அவரோடு உடன்குடிக்குப் போனோம். அவர் சித்தி முன்னால் குற்றவாளி மாதிரி நின்று, கார் இனிமேல் வேகமாகப் போகாது என்றார்.

"நிக்காமப் போவுமா?" என்று கேட்டாள் சித்தி.

"போவும். ஆனா மெதுவாத்தான்."

"அப்ப வலி வாரதுக்கு முன்னாலயே கெளம்பிருவோம். இன்னைக்கே."

வீடு அதிர்ந்தது. தலைப்பிரசவத்துப் பெண்ணை நாள் நெருங்கும் நேரத்தில் வெளியே அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுடைய அம்மா அழுதாள். "ஊரா வந்து பெத்துத் தரப் போவுது?" என்று சொல்லிவிட்டுச் சித்தி தன் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

அந்தப் பயணத்தைப்போல ஒரு பயணத்தை நான் வெறுத்தது இல்லை. பள்ளம் கண்ட இடமெல்லாம் சித்தப்பா காரை ஏறக்குறைய நிறுத்தினார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. போ என்று கையை வெளியே நீட்டினார். போயிற்று. பஸ்ஸின் பின்சீட்டிலிருந்து பையன்கள் நாக்கைத் துருத்தினார்கள். அடுத்து லாரி. அதற்கும் கை நீட்டினார். "முந்துங்க சித்தப்பா, முந்துங்க" என்று அவர் தோளைக் குத்தினேன். அவர் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங் வளையத்தை இறுகப் பிடித்திருந்தார். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. சித்தி பின்னால் அம்மாவின் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் பார்க்கப் போனோம். அதுவரையிலும் நான் சித்தப்பாவோடு பேசவில்லை. பஸ்ஸுக்கும் லாரிக்கும் வழிவிட்ட மனிதரோடு எனக்கு என்ன பேச்சு? அந்த வழியெல்லாம் அவர் எதோடு மல்லுக்கட்டிக்கொண்டு வந்தார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் புரிந்திருக்காது. பாப்பாவின் காதருகே குனிந்து, "ஒங்க அப்பாவுக்குக் கார் ஓட்டவே தெரியாது" என்று சொன்னேன்.

பக்கத்தில் நின்ற சித்தப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொஞ்சமும் வெட்கமில்லையே இந்த மனிதருக்கு என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.