அம்மா பின்னிய ஒன்றரைக் கை ஸ்வெட்டர்

அம்மா செத்த பன்னிரண்டாம் நாள் அவளுடைய அக்கா, என் பெரியம்மா, துணி மூட்டை கட்ட வந்துவிட்டார். செத்தவர்களின் துணியைக் கருமாதிக்கு முன்னால் ஏரிக்கரையில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். தங்கச்சிக்காக அழுததைவிட அந்த மூட்டையைக் கட்டத்தான் பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

அம்மா எனக்காகப் பின்னிய ஸ்வெட்டரும் அதற்குள் கிடந்தது. விடியலில் கல்வராயன் மலைக்கு மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றப் போகிறவன் நான். குளிருமே என்று பின்னினாள். ஒரு கை முழுசு, இன்னொன்று முழங்கை வரை; பின்னல் கம்பி இன்னும் அதிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. நூல் சங்கராபுரத்தில் தெருவோரம் எடைக்கு வாங்கியது. எந்த நூல் என்று ஒரு சீட்டும் கிடையாது. நான் ஸ்வெட்டரை மூட்டையிலிருந்து உருவினேன்.

"வுடுடா. அத்த வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? அது கம்பளியே இல்ல, பிளாஸ்டிக்கு. உங்கம்மாவ நல்லா ஏமாத்திட்டானுங்க."

"அம்மா கம்பளின்னுதான் சொல்லிச்சு. கம்பளியா இருந்தா எனக்குக் குடுத்துருவீங்களா?"

"இருந்தா வச்சிக்கோ. நான் போத்திக்கினு கீறன் பாரு, ஏற்காட்டுல வாங்குனது. இதாண்டா கம்பளி."

கத்திரி வெயிலிலும் அந்தச் சால்வையைக் கழற்றாதவர்.

நான் எட்டாவதோடு நின்றவன். செல்போன்தான் வாத்தியார். நூலைக் கொளுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதில் ஒருத்தர் சொல்லியிருந்தார். பருத்தி சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகி மணி மாதிரி இறுகும். கம்பளி, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும்.

முதலில் பெரியம்மா சால்வை ஓரத்தில் ஒரு இழையைப் பிய்த்தேன். தீக்குச்சி பட்டதும் உருகிக் கருப்பு மணியாகித் தட்டில் டிக்கென்று விழுந்தது.

"வெயில்ல நிக்காதீங்க பெரீம்மா. ஒழுகிடப் போறீங்க."

"நீ கொளுத்துனது சரியில்ல."

அடுத்து அம்மாவின் நூல். சுருண்டு எரிந்தது. நுனியில் ஒரு சின்ன மணி. கூடவே அந்த நாற்றம். அதைத் தெரிந்துகொள்ள எனக்குச் செல்போன் வேண்டாம். கொள்ளி வைத்தவன் நான். பன்னிரண்டு நாளாகச் சோற்றுக் கையை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாலே அதுதான் அடிக்கிறது.

பாதி கம்பளி, பாதி பிளாஸ்டிக். எங்கள் வீட்டில் எதையும் முழுசாக வாங்கிப் பழக்கமில்லை. ஏமாந்ததுகூடப் பாதிதான்.

"மணி வுழுந்துச்சில்ல? பிளாஸ்டிக்கு. குடு," என்று பெரியம்மா கையை நீட்டினார். அப்போதுதான் நாற்றம் அவர் மூக்குக்குப் போனது.

"அய்யய்யோ! சாவு வூட்ல மசுரு கருவுற வாடை! கருமாதிகூட முடியல, இன்னொண்ணு வுழும்டா!"

"கம்பளின்னா இப்படித்தான் நாறும்."

"எங்கூட்டுக்காரருக்கு ஏற்கெனவே சுகரு ஜாஸ்தி. அந்த எழவ நான் கையால தொட மாட்டேன். நீயே வச்சிக்கினு நாசமாப் போ!"

அம்மாவின் புடவைகள் ஏரிக்கரைக்குப் போயின. ஸ்வெட்டர் போகவில்லை.

கருமாதி முடிந்து மலைக்குப் போனபோது போட்டுக்கொண்டேன். பின்னத் தெரியாது. கம்பியை உருவினால் கை பிரிந்துவிடும் என்று கம்பியோடே போட்டிருந்தேன். மூட்டை தூக்கும்போதெல்லாம் விலாவில் குத்தியது.