டானிக் பாட்டிலில் வந்த தண்ணீர்

போன வாரம் திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், நாற்பது வருஷத்துக்கு முன் புதைத்த டிரங்குப் பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். புதைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மூடியை நெம்பியதுதான் தாமதம், முன்வரிசை மொத்தமும் தும்மியது. உள்ளே வைத்த மிளகாய் வத்தலுக்கு இன்னும் அவ்வளவு வீரியம்.

அந்த நெடி ஏறியதும் எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. அருப்புக்கோட்டையில் கடை வைத்திருந்த குடும்பம் எங்களது. டீச்சராக முதல் வேலை இந்த ஊரில். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போவதற்குள் உலகத்தையே திருத்திவிடலாம் என்று நினைப்பு. பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது, நாற்பது வருஷம் கழித்து வருகிறவர்களுக்காக வீட்டுக்கு ஒரு பொருள் கேட்டுக் கிளம்பியதும் என் கிறுக்குதான். ஊரும் ஆசையாகக் கொடுத்தது. வத்தல், பருத்திக்காய், தறியில் அறுத்த முந்தானைத் துண்டு. ஒருத்தர் ரேஷன் கார்டையே கொடுத்துவிட்டு, மறுநாள் ஓடிவந்து திருப்பி வாங்கிப்போனார்.

பேச்சியம்மா மட்டும் டானிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். காட்டில் களையெடுக்கப் போகிறவர். அவர் மகள் முருகேஸ்வரி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

"தண்ணி எதுக்கும்மா?" என்றேன்.

"நாப்பது வருசம் தாண்டி வாராகள்ல டீச்சர். அம்புட்டுத் தூரம் வாரவுகளுக்கு மொதல்ல தண்ணி குடுக்கணும்ல?"

வருஷத்தையும் மைலையும் போட்டுக் குழப்பிக்கொண்டார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் 'வாங்க' என்று சொல்வதற்குள் சொம்பு வந்துவிடும். ஆனால் பேச்சியம்மா தெருவின் சொம்பை ஊரில் ஒருவரும் வாங்கமாட்டார்கள். இதில் வேடிக்கை, ஊர்க் கிணறெல்லாம் உப்பு. அங்கே இறைக்க விடாததால் அந்தத் தெருக்காரர்கள் தாங்களே பாறையை உடைத்து வெட்டிய கிணறு மட்டும் தித்திக்கும் என்பார்கள்.

"ஒழுகுனா பேப்பரெல்லாம் நனைஞ்சிருமே" என்று இழுத்தேன்.

"மெழுகு ஊத்தி அடச்சிருக்கேன், ஒழுகாது." கொஞ்சம் நின்றார். "எங்க தண்ணிங்கிறதால யோசிக்கிறீகளா?"

எவ்வளவு தைரியம்! அந்த ஊரில் அதை நேருக்கு நேர் கேட்ட ஒரே ஆள் அவர்தான். வெட்கத்தோடு வாங்கிப் பெட்டியின் நடுவில் வைத்தேன். அப்புறம் ஒரு வாரம், கிணற்றையே நான் வெட்டியதுபோலத் திரிந்தேன்.

இப்போது பாட்டிலை எடுத்ததும், "சரக்கா இருக்குமோ?" என்று யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். முருகேஸ்வரியும் இருந்தாள். விருதுநகரில் நர்ஸாக இருக்கிறாள், லீவு போட்டு வந்திருந்தாள். பேச்சியம்மா இறந்து ஆறு வருஷமாகிறதாம்.

அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஒங்களப் பத்தி அம்மா கடைசிவரைக்கும் பெருமையாப் பேசுனாக டீச்சர். இதோட ருசியே எனக்கு மறந்துபோச்சு. எப்பிடி இருக்கும், சொல்லுங்க?"

மூன்று வருஷம் அந்த ஊரில் வேலை பார்த்தேன். வெயிலில் அவர்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் பேச்சியம்மா சொம்போடு வாசலுக்கு வருவார். "இப்பத்தான் குடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, நா வறள நடந்திருக்கிறேன்.

"தெரியாதும்மா. நான் குடிச்சதில்ல" என்றேன்.

ரோடு அகலமாக்கும்போது அந்தக் கிணற்றை மூடிவிட்டார்கள். ஊர் முழுக்க இப்போது கேன் தண்ணீர். யார் கொடுத்தாலும் எல்லாரும் வாங்கிக் குடிக்கிறார்கள். பேச்சியம்மாவின் கிணற்றுத் தண்ணீர் உலகத்திலேயே அந்த ஒரு பாட்டில்தான் மிச்சம். முருகேஸ்வரி அதைத் துடைத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.