நிரம்பினால் தானே நிற்கும் பம்பு

மலாயாவில் கோலா பிலாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். கணேசமூர்த்தி அங்கே இஞ்சின் ஃபிட்டர். கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு எதிரான அவசரகாலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி வேலிக்குள் மேட்டில் இருந்தது. பம்பு வெளியே ஆற்றோரத்தில். அதை ஓட்டியவர் கணேசமூர்த்தியின் தங்கை கணவர் ஆறுமுகம்.

மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு; வேலிக்கதவு மூடிவிடும். ஒருநாள் மழையில் இஞ்சின் தாமதமாகத்தான் கிளம்பியது. தொட்டி நிரம்பும்வரை காத்திருந்துவிட்டு ஆறுமுகம் ஓடிவந்தபோது கதவு மூடியிருந்தது. காவலில் இருந்தவர்கள் ஆள் தெரியாமல் சுட்டார்கள். குண்டு முழங்காலில் பாய்ந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

கணேசமூர்த்தி தோட்ட மேலாளரான துரையிடம் போனார். "தொட்டி நிரம்பினா இஞ்சின் தானா நிக்கணும் துரை. அதுக்காக ஆள் காத்துக் கிடக்கக்கூடாது."

துரை பழைய குழாய்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தொட்டியில் வழியும் தண்ணீரைக் குழாய் வழியே பம்புக் கொட்டகைக்கு இறக்கி, ஒரு வாளியில் விழ வைத்தார் கணேசமூர்த்தி. வாளி கனத்தால் கம்பி இழுபட்டு மண்ணெண்ணெய்க் குழாய் மூடிக்கொள்ளும். முதலில் கொட்டகைக்குள் அடித்த மழைச்சாரல் சேர்ந்தே வாளி நிறைந்து, இஞ்சின் பாதியில் நின்றது. சாரல் வடிந்துபோக வாளியின் அடியில் சின்னத் துளை போட்டார். பிறகு சரியாக ஓடியது.

சில மாதம் கழித்து ஆறுமுகம் ஊன்றுகோலோடு திரும்பினார். வேலை கேட்டுப் போனவரிடம் தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி சொன்னார்: "பம்புக்கு இப்ப தனி ஆளே வேணாம்லா. யாராச்சும் கிளப்பி விட்டா போதும். உங்க மச்சான் வாளியே பாத்துக்குது."

அன்று மச்சான் வீட்டு வாசலில் நின்றே ஆறுமுகம் சொன்னார்: "எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியும் மச்சான். வேலையும் சேர்ந்து போச்சு."

கணேசமூர்த்தி அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே கை கழுவினார்.

அடுத்த மழைக்காலத்தில் குழாய் வாயை இலைகள் அடைத்தன. கதவு மூடிய பின்பும் இஞ்சின் ஓடியது. யாரும் வெளியே போக முடியவில்லை. தொட்டி வழிந்து, மேட்டுக்குக் கீழே குடியிருந்த ராக்கம்மாவின் அடுப்படிச் சுவர் சரிந்தது. மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகுதான் இஞ்சின் நின்றது.

கணேசமூர்த்தி குழாய் வாய்க்குக் கம்பி வலை கட்டினார். எண்ணெய்த் தொட்டியை எடுத்துவிட்டு, ஒரு நாள் ஓட்டத்துக்கு மட்டும் போதுமான ஒரு சின்ன டின் வைத்தார். வாளி ஏமாற்றினாலும் எண்ணெய் தீர்ந்து நின்றுவிடும். பிறகு துரையிடம் பேசினார்.

"வலையில தினம் இலை எடுக்கணும். துளை அடைச்சிருக்கான்னு பாக்கணும். பகல் வேலைதான் துரை. ஆறுமுகத்தைப் போடுங்க."

"தானா நிக்கும்னு நீதானே சொன்ன?"

"நிக்கும். நிக்குதான்னு பாக்க ஆள் வேணும்."

துரைக்கு அரைமனசுதான். ஆனாலும் சரி என்றார். ஆறுமுகம் மதியம் இஞ்சினைக் கிளப்பி, நாலு மணிக்குள் வேலிக்குள் வந்துவிடுவார். ஊரடங்கு நீங்கும்வரை பம்புக்காக வேறு யாரும் சுடப்படவில்லை.

கணேசமூர்த்தி பின்னாளில் சிரம்பானை ஒட்டிய பாரோய்க்குக் குடிபோய் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். ஆறுமுகம் தோட்டத்திலேயே இருந்துவிட்டார்.