புளியமரத்துக்கு ஒரு பெல்ட்

ஆம்பூர் கடைவீதியில் கிரேன்களுக்கான பளு தூக்கும் பெல்ட்டுகள் விற்ற அந்த மனிதரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. நெடிய உருவம், கத்தரித்த தாடி. எந்தப் பெல்ட்டை எடுத்தாலும் முதலில் தம் முன்கையில் சுற்றி இறுக்கிப் பார்ப்பார்.

இறப்பதற்குச் சில நாள் முன்பு என் மகன் ஓட்டிச் சென்ற ஜீப் எங்கள் நிலத்துச் சேற்றில் புதைந்து கிடந்தது. கம்பியைச் சுருட்டி இழுக்கும் வின்ச் கொண்டு அதை வெளியே எடுக்க, அருகில் இருந்த ஒற்றைப் புளியமரத்தில்தான் கம்பியைக் கட்ட வேண்டும். அவன் ஏறி விளையாடிய மரம். அதற்குக் காயம் படக் கூடாது.

கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே சுற்றத் தோல் பெல்ட் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஆம்பூருக்கு வந்தாலே எல்லாரும் தோலத்தான் கேக்குறாங்க. அது ஷூவுக்கு சார். நனைஞ்சா இழுபடும். நைலானும் நீளும். பாலியஸ்டர் எடுங்க, அகலம் ஜாஸ்தியா. கம்மியா இருந்தா மரத்த அறுத்துடும். மரம் எவ்ளோ சுத்து?"

நான் அளந்து வரவில்லை. "என் மகன் கட்டிப்பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ளும்."

"தம்பி எவ்ளோ உயரம் இருப்பாரு?"

"உங்கள் உயரம்தான்."

உடனே எழுந்து, எதிரே மரம் நிற்பதுபோல் இரு கைகளையும் வளைத்து விரல்களைச் சேர்த்தார். "உள்பக்கமா பெல்ட்ட ஓட்டுங்க சார்."

ஒரு கை விரல்நுனியிலிருந்து மார்பு வழியாக மறு கை விரல்நுனி வரை ஓட்டினேன். சட்டைக்குள் அவர் மூச்சு ஏறி இறங்கியது.

"ரெண்டு முனையும் கொக்கியில மாட்ட இன்னும் ரெண்டு முழம் விடணும். கைய எறக்கலாமா சார்?"

"கொஞ்சம் இருங்கள்" என்றேன்.

அவர் தெருவைப் பார்த்தபடி, கைகளை இறக்காமல் நின்றார். என்ன புரிந்துகொண்டார் என்பது இன்றும் எனக்குத் தெரியவில்லை.